நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போதுமா?

போன முறை உப்பு வரியைப் பற்றி எழுதியதற்கு "அடுத்து என்னடா, புளி வரியா?" என்று வகுப்பில் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அதனால் இந்த முறை கொஞ்சம் புதுக் காலத்துச் சரித்திரம். பிரவுசர்களின் சரித்திரம். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் துறை விழாவுக்கு நான்தான் பொருளாளர். பெயர் பதிவு செய்கிற பக்கத்தை நாமே சொந்தமாகச் செய்வோம் என்று அடம் பிடித்துச் செய்து கொடுத்தவன் என் நண்பன், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். பக்கம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டியின் பெயரைத் தட்டினால் கட்டணம் தானாக மாறும், மொத்தம் தானாகக் கூட்டும். எனக்குக் கணக்கு வேலை மிச்சம்.

கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். வணிக வினாடி வினாவுக்காக மூன்று மாதமாகப் படித்தவள். பட்டியலில் பெயர் இல்லை. "அண்ணா, லிங்க்கைத் தொட்டா வெள்ளையா ஒரு பக்கம்தான் வருது. நெட் ஸ்லோன்னு நினைச்சு நாலு நாள் ட்ரை பண்ணேன்" என்றாள். அவள் கையில் இருந்தது அவளுடைய அக்கா வைத்திருந்துவிட்டுக் கொடுத்த ஐபோன் 6. யாரோ சொன்னார்கள் என்று குரோமையும் இறக்கிப் பார்த்தாளாம். அதிலும் வெள்ளைதான். அணிகள் பிரித்தாகிவிட்டது, இனிமேல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் சண்டை எல்லாம் போடவில்லை. "பரவாயில்லண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

நண்பனிடம் கேட்டேன். "மச்சி, நான் யூஸ் பண்ணினது எல்லாம் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல ஓடும்டா. இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்ற?" என்றான். கூடவே வருகைக் கணக்கையும் திறந்து காட்டினான். வந்தவர்கள் எல்லாம் புது போன்காரர்கள். பழைய போன் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேர்வு விடுமுறையில் உட்கார்ந்து படித்ததுதான் இந்தப் பதிவு. ஒரு புதிய வசதி பிரவுசர்களில் வந்தால், 'இனி இதைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்' என்று யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள்? முப்பது வருடமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் இதை யாரும் கணக்கே பண்ணவில்லை. 1990-களின் நடுவில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சின்னப் பலகை தொங்கும்: 'இந்தத் தளத்தை நெட்ஸ்கேப்பில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.' கொஞ்ச நாளில் அதற்குப் போட்டியாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பலகை. கடைக்காரரே 'இந்தச் செருப்புப் போட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம்' என்று எழுதி வைத்த மாதிரி! வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1996-லேயே இதைக் கிண்டல் செய்திருக்கிறார். இப்படிப் பலகை மாட்டுகிறவர்கள், ஒரு கம்ப்யூட்டரில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாமல் இருந்த பழைய காலத்துக்கு ஏங்குகிறார்கள் போலிருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பலகை மாட்டாதவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிரவுசரும் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். நெட்ஸ்கேப்பின் செல்லப் பெயர் மொசில்லா. பெயர் மொசில்லா என்றால் நல்ல பக்கத்தைக் கொடு, இல்லை என்றால் வெறும் பக்கத்தைக் கொடு என்று தளங்கள் ஆரம்பித்தன. மைக்ரோசாப்ட் என்ன செய்தது? 1995-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2, 'நானும் மொசில்லாதான்' என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தது. பின்னால் வந்தவையும் அதையே செய்தன. இன்றைக்கும் உங்கள் போனில் இருக்கும் குரோம், சபாரி எல்லாமே 'மொசில்லா/5.0' என்றுதான் அறிமுகம் செய்துகொள்கின்றன. இதில் ஒரு கூத்து: 2009-ல் ஓபரா பத்தாவது பதிப்பு வந்தபோது, பல தளங்களின் நிரல் பதிப்பு எண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் படித்து 'ஒன்று' என்று எடுத்துக்கொண்டது. ஆதிகாலத்துப் பிரவுசர் என்று வெளியே நிறுத்திவிட்டது. வேறு வழியில்லாமல் ஓபரா தன் பெயரை '9.80' என்றே சொல்ல ஆரம்பித்தது. பெயரைக் கேட்டுத் திறமையை முடிவு செய்தால் இப்படித்தான் :-)

சரி, ஒரு வசதி எல்லோருக்கும் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்? இதற்கு எனக்குத் தெரிந்து பிஎன்ஜி படக் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது.

1994 டிசம்பர் கடைசியில், கிஃப் படங்களில் இருக்கும் சுருக்கும் முறைக்குத் தங்களிடம் காப்புரிமை இருக்கிறது, மென்பொருள் செய்கிறவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று யூனிசிஸ் நிறுவனத்தின் பக்கமிருந்து அறிவிப்பு வந்தது. கொதித்துப்போன நிரலாளர்கள் 1995 ஜனவரியிலேயே மாற்றுக்கு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் பிஎன்ஜி. 1996 அக்டோபர் 1 அன்று வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி அதைப் பரிந்துரையாக ஏற்றது. அதன் பெரிய பலம், ஓரங்கள் படிப்படியாக ஒளி ஊடுருவும்படி படம் செய்யலாம். நிழல், புகை, கண்ணாடி எல்லாம் எந்தப் பின்னணியிலும் உட்காரும்.

ஆனால் விண்டோஸில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அந்த ஒளி ஊடுருவும் இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் காட்டியது. அது 2001-ல் எக்ஸ்பியோடு வந்து உலகம் முழுக்க உட்கார்ந்துகொண்டது. அடுத்த பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2006 அக்டோபரில். போட்டியாளர் ஒழிந்துவிட்டார், இனி எதற்கு அவசரம் என்று ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டார்கள். தரம் வந்து பத்து வருடம் கழித்துத்தான் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பிஎன்ஜி ஒழுங்காகத் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மைக்ரோசாப்ட் மேக் கம்ப்யூட்டருக்காக 2000-ல் வெளியிட்ட எக்ஸ்ப்ளோரர் 5-ல் இது சரியாகவே வேலை செய்தது!

ஏழாம் பதிப்பு வந்தவுடன் ஆறு போய்விட்டதா? எங்கே போனது! ஏழை இறக்க முதலில் உங்கள் விண்டோஸ் அசல்தானா என்று சோதித்தார்கள். திருட்டு விண்டோஸ் புழங்கும் நாடுகளில் யார் அந்தச் சோதனைக்குத் தலையைக் கொடுப்பார்கள்? ஒரு வருடம் பார்த்துவிட்டு 2007 அக்டோபரில் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அலுவலகங்களில் உள்ளுக்குள் செய்துவைத்த மென்பொருள்கள் ஆறை நம்பி எழுதப்பட்டவை, மாற்றினால் ஓடாது. 2011 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தானே ஒரு தளம் வைத்து ஆறாம் பதிப்புக்குச் சாவு மணி அடித்தது. அப்போது அது காட்டிய கணக்கில் அமெரிக்காவில் ஆறின் பங்கு 3%-க்கும் குறைவு. சீனாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உலக சராசரி சுமார் 12%. இப்போது சொல்லுங்கள், ஆறுக்கு ஒத்துவராத வசதியைப் பயன்படுத்தலாமா கூடாதா? நியூயார்க்கில் கடை வைத்திருப்பவருக்கும் ஷாங்காயில் வைத்திருப்பவருக்கும் பதில் வேறு வேறு. சராசரி 12% என்பது இரண்டு பேருக்குமே பொய்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் தணிக்கைப் பாடம் ஞாபகம் வந்தது. எஸ்ஏ 320 என்று ஒரு தணிக்கைத் தரம் இருக்கிறது. மெட்டீரியாலிட்டி பற்றியது. கணக்கில் ஒரு தவறு எவ்வளவு பெரிதாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பது கேள்வி. வரிக்கு முந்தைய லாபத்தில் 5% என்று ஒரு நடைமுறைக் கணக்கு பரவலாக உண்டு. ஆனால் ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடுவார்: தொகை சின்னதாக இருந்தாலும் தன்மையால் பெரிதாகும் தவறுகள் உண்டு. ஆயிரம் ரூபாய்தான், ஆனால் இயக்குநரின் மச்சான் கையில் போயிருக்கிறது என்றால் அது சின்ன விஷயமா? ஆக 5% என்றதும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதில் 5%? அந்த 5%-ல் இருப்பது என்ன?

முதல் கேள்வியைக் கேட்காததால் மாட்டிக்கொண்ட ஒரு நாட்டின் கதை இது. 1990-களில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வைத்திருந்தது. வங்கி வேலைக்கு அது போதாது என்று தென் கொரியா 'சீட்' என்று சொந்தமாக ஒரு குறியாக்க முறையை உருவாக்கியது. அது பிரவுசர்களில் கிடையாது. அதனால் ஆக்டிவ்எக்ஸ் என்னும் ஒட்டுச் செருகி மூலம் கொடுத்தார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரிந்திருக்காது. 2000-களின் தொடக்கத்தில் எக்ஸ்ப்ளோரரின் பங்கு உலகம் முழுக்கவே 90%-க்கு மேல். என் நண்பன் சொன்ன தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்தில்! அமெரிக்கா 2000-லேயே கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. ஆனால் கொரியாவில் வங்கி, கடை, அரசு அலுவலகம் எல்லாம் அந்தச் செருகியில் கட்டப்பட்டுவிட்டன. மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்கள் சொந்த வங்கிக் கணக்கைப் பார்க்கப் பக்கத்து வீட்டு விண்டோஸைத் தேட வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டின் ஆணிவேரான அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் முறையை 2020 டிசம்பரில்தான் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே நிறுவனத்தின் 95%-க்கும், நான்கு நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட 95%-க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இந்தக் குழப்பத்தில் முதன்முதலாக ஒரு முறை கொண்டுவந்தது என்று நான் யாஹூவைச் சொல்வேன். 2006 பிப்ரவரியில் 'தரப்படுத்திய பிரவுசர் ஆதரவு' என்று ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். எழுதியவர் நேட் கோக்லி. ஏ தரம் என்றால் முழு வசதியும், முழுச் சோதனையும். சி தரம் என்றால் பழைய, திறமை குறைந்த பிரவுசர். அதற்கு அலங்காரமும் ஸ்கிரிப்டும் கொடுக்காமல் வெறும் பக்கத்தை மட்டும் கொடு. படிக்க முடியும், படிவத்தை நிரப்ப முடியும். எக்ஸ் தரம் என்றால் யாரென்றே தெரியாத பிரவுசர். அதை நம்பி முழு வசதியையும் கொடு. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த எக்ஸ்தான். தெரியாதவனைச் சந்தேகப்படாதே என்கிறது. ஆதரவு என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று அர்த்தமில்லை என்பதையும் அந்தக் கொள்கை தெளிவாக வைத்தது. டிவி இருக்கிறவன் கிரிக்கெட்டைப் பார்ப்பான், ரேடியோ இருக்கிறவன் கேட்பான். ஸ்கோர் ஒன்றுதான்.

அடுத்து யூடியூப். இங்கே ஒரு மனிதரின் இரண்டு செயல்களைச் சொல்ல வேண்டும். பெயர் கிறிஸ் சக்கரியாஸ், அப்போது யூடியூப் பொறியாளர். 2009 ஜூலையில் அவரும் சகாக்களும் ஆறாம் பதிப்பின் தொல்லை தாங்காமல், மேலிடத்தில் கேட்காமலே, ஆறில் வருபவர்களுக்கு மட்டும் ஒரு பட்டையைத் தொங்கவிட்டார்கள். உங்கள் பிரவுசருக்கான ஆதரவை விரைவில் நிறுத்தப் போகிறோம், இதோ புதிய பிரவுசர்கள் என்று. நிறுத்தும் தேதி என்று எதுவும் கிடையாது, சும்மா ஒரு மிரட்டல்! யூடியூப் போட்டிருக்கிறதே என்று கூகுளின் மற்றக் குழுக்களும் அனுமதி வாங்கிய விஷயம் என நினைத்து அதையே போட்டன. ஒரே மாதத்தில் யூடியூபுக்கு ஆறில் வருபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள் என்று அவரே பத்து வருடம் கழித்து, 2019-ல், எழுதியிருக்கிறார். 'போதுமான ஆதரவு' என்பது மழை அளவு மாதிரி அளந்து மட்டும் பார்ப்பது அல்ல போலிருக்கிறது. பெரிய இடத்தில் இருப்பவர் தள்ளினால் அது நகர்கிறது. சின்னத் தளம் தள்ளினால் ஆள்தான் நகர்ந்து போவான்.

அதே மனிதர் அதே வருடக் கடைசியில் இன்னொரு வேலை செய்தார். யூடியூப் வீடியோ பக்கத்தை 100 கிலோபைட்டுக்குள் சுருக்கி, 'ஃபெதர்' என்ற பெயரில் விட்டுப் பார்த்தார். பக்கம் சின்னதானால் சராசரி நேரம் குறைய வேண்டும் அல்லவா? கணக்கில் சராசரி நேரம் கூடியிருந்தது! மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா என்று மெதுவான இணைப்பு உள்ள இடங்களிலிருந்து புதிதாகக் கூட்டம் வந்திருந்தது. முன்பு பக்கம் திறக்கவே இருபது நிமிடம் ஆகும் என்பதால் அவர்கள் கணக்கிலேயே இல்லை. இப்போது இரண்டு நிமிடத்தில் திறந்தது, வந்துவிட்டார்கள்.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். நண்பனுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டேய், அந்த வருகைக் கணக்கை எடுக்கிற நிரல் எங்கடா இருந்தது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதே ஸ்கிரிப்ட்லதான்டா" என்றான். ஸ்கிரிப்ட் ஓடாத போன், கணக்கிலும் ஏறாது. பழைய போன் ஒன்றுகூட வரவில்லை என்று அவன் காட்டிய அறிக்கை எழுதப்பட்டது இப்படித்தான்.

எண்கள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2012 மே மாதத்தில் ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி குரோம் எக்ஸ்ப்ளோரரை முந்திவிட்டது. அதே மாதம் நெட் அப்ளிகேஷன்ஸ் கணக்குப்படி எக்ஸ்ப்ளோரர் பாதிக்கு மேல் வைத்திருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் திறந்த பக்கங்களை எண்ணினார். மற்றவர் ஆட்களை எண்ணி, ஒவ்வொரு நாட்டின் இணைய மக்கள்தொகைக்கு ஏற்ப எடை போட்டார். இருப்புச் சரக்கை ஃபிஃபோவில் போடுவதா, சராசரியில் போடுவதா என்பதைப் பொறுத்து லாபம் மாறுகிற மாதிரிதான்.

அலெக்சிஸ் டெவெரியா என்பவர் நடத்தும் 'கேன் ஐ யூஸ்' அட்டவணையை நிரலாளர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். எந்த வசதி எந்தப் பிரவுசரில் என்பது பச்சை, சிவப்பில் தெரியும். உலகில் எத்தனை சதவீதம் என்பதை ஸ்டாட்கவுண்டர் எண்ணை வைத்துப் போடுகிறது. பெரிய சேவை, சந்தேகமில்லை. ஆனால் பச்சை என்றால் யாருக்குப் பச்சை? இங்கே நம் மொழியின் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பா சொல்லிக் கேட்டது, பிறகு நானும் தேடிப் படித்தேன். பத்தியின் இரண்டு ஓரத்தையும் சமமாக்கும் வசதி பழைய வசதி, எல்லாப் பிரவுசரிலும் உண்டு. ஆனால் பயர்பாக்ஸ் 2 வரை, அப்படிச் சமப்படுத்திய தமிழ்ப் பத்தி உடைந்து தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி எங்கோ. ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு அது நூற்றுக்கு நூறு பச்சை. 2008 ஜூனில் பயர்பாக்ஸ் 3 வந்து சரிசெய்யும் வரை, "தயவுசெய்து ஜஸ்டிஃபை பண்ணாதீங்க, படிக்க முடியலை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

ஓபரா மினியும் அப்படித்தான். பட்டன் போனில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரியும். முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடித்து, கடைசியில் இருக்கும் சிக்கலான எழுத்துகளுக்கான தேர்வை 'ஆம்' என்று மாற்றினால், எழுத்தையே படமாக்கி அனுப்பும். தமிழ் வந்துவிடும்! இந்தத் தந்திரத்தை நம்மவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதை இன்றும் பழைய பதிவுகளில் பார்க்கலாம். எந்த அட்டவணையிலும் இல்லாத ஆதரவு அது.

பிரவுசரில் வசதி இருந்தால் மட்டும் போதுமா என்பதையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் அரசின் தளத்தில், 2013-ல். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று படங்களை வைத்தார்கள். ஒன்றை எல்லாப் பிரவுசரும் இறக்கும். இன்னொன்றை ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் இறக்கும். மூன்றாவதை ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்தவர்கள் மட்டும். ஐந்து லட்சம் வருகைக்கு மேல் எண்ணினார்கள். 1.1% பேருக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் வேண்டுமென்றே அணைத்தவர்களும் ஆதரவே இல்லாதவர்களும் 0.2%தான். மிச்சம் 0.9% பேரின் பிரவுசரில் எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை. அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கலாம், பாதி வழியில் சிக்னல் போயிருக்கலாம். ரயிலில் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புதிய பிரவுசர் வைத்திருப்பவரும் அந்த நிமிடத்தில் பழைய பிரவுசர்க்காரராகிவிடுகிறார்.

இப்போது தணிக்கை ஆசிரியரின் இரண்டாவது கேள்வி. விட்டுப்போன 5%-க்கு என்ன நடக்கிறது? இதில்தான் எனக்குப் பெரிய தெளிவு கிடைத்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டும் பெருந்தன்மையான மொழிகள். தெரியாத சொல்லைக் கண்டால் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வட்டமான மூலை தெரியாத பிரவுசர், கூரான மூலையைக் காட்டும். அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. தெரியாத இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் வந்தாலும் அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். ஆயிரம் வரியில் ஒரு கேள்விக்குறியும் ஒரு புள்ளியும் சேர்ந்து வந்ததற்காக!

எங்கள் பக்கத்தில் நடந்தது அதுவே. கேள்விக்குறி, புள்ளி இரண்டையும் சேர்த்து எழுதும் அந்த இலக்கணம் 2020-ன் தொடக்கத்தில் குரோம் 80, பயர்பாக்ஸ் 74, சபாரி 13.1 என்று வரிசையாக வந்தது. ஐபோன் 6-க்கு ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏற்ற ஆப்பிள் விடவில்லை. 2014-ல் வந்த போன், 2019-லேயே கதவு சாத்தியாகிவிட்டது. குரோமைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஐபோனில் எந்தப் பிரவுசர் ஆனாலும் உள்ளே ஆப்பிளின் எஞ்சின்தான் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பெயர்ப் பலகை குரோம், சமையல் சபாரி. படிவத்தை வரைவதே ஸ்கிரிப்டின் வேலையாக இருந்ததால், ஸ்கிரிப்ட் விழுந்ததும் வெள்ளைப் பக்கம்.

இதையே படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் 2010-ல் வெப்பி என்று ஒரு படவகையை அறிவித்தது. பயர்பாக்ஸ் 2019 ஜனவரியில்தான் ஏற்றது, ஐபோனில் 2020 செப்டம்பரில். மறுபடியும் பத்து வருடம்! ஆனால் அவ்வளவு காலம் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பக்கத்தில் வெப்பியையும் ஜேபெக்கையும் சேர்த்துக் கொடுத்து, எது தெரியுமோ அதை எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. பழைய போனுக்குக் கொஞ்சம் பெரிய படம் போகும், அவ்வளவுதான் நஷ்டம். 60% ஆதரவிலேயே தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தக் கேள்விக்குறி இலக்கணத்தைத் தனியாக, மாற்று எதுவும் இல்லாமல் வைத்தால் 95%கூட ஆபத்து. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது எப்படிச் சரியாகும்?

இப்போது நடைமுறையில் இருப்பது 'பேஸ்லைன்'. 2023 மே மாதத்தில் கூகுள் அறிவித்தது, டபிள்யூ3சி-யின் ஒரு சமூகக் குழு அதன் வரையறையைக் கவனிக்கிறது. முதலில், பெரிய பிரவுசர்களின் கடைசி இரண்டு பதிப்பில் இருந்தால் போதும் என்றார்கள். அது ரொம்ப அவசரம் என்று எதிர்ப்பு வரவே அதே வருடம் மாற்றினார்கள். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி எல்லாவற்றிலும் வந்த நாள் 'புதிதாகக் கிடைப்பது'. அதிலிருந்து 30 மாதம் கழித்து 'பரவலாகக் கிடைப்பது'. சதவீதத்தை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்க்கிறார்கள். நாட்டுக்கு நாடு மாறாது, ஒரே நிறுவனம் தீர்மானிக்கவும் முடியாது. கொரியாவில் நடந்தது இந்த விதியில் நடந்திருக்காது. நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். ஏவிஐஎஃப் என்ற படவகைக்குக் குரோம் 2020-லேயே தயார், ஐபோனும் 2022-ல் தயார். எட்ஜ் 2024 ஜனவரி வரை வரவில்லை. அதுவரை கடிகாரமே ஓட ஆரம்பிக்கவில்லை!

ஆனால் இந்த விதிப்படி பார்த்தால் என் நண்பன் குற்றவாளியே இல்லை. அவன் பயன்படுத்திய இலக்கணம் 2020 நடுவில் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. 30 மாதம் கூட்டினால் 2023 தொடக்கம். எங்கள் விழா அதற்கெல்லாம் பிறகு. தேர்வில் கேட்டால் அவனுக்கு முழு மதிப்பெண். எங்கள் துறையில் 240 பேர், 5% என்றால் 12 பேர். அந்தப் பன்னிரண்டில் எத்தனை பேர் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஒருத்தி மட்டும்தான் வந்து சொன்னாள்.

இதை எல்லாம் அவனிடம் சொன்னபோது கொஞ்சம் கோபப்பட்டான். "அப்போ எதுவுமே புதுசா செய்யக்கூடாதா?" என்றான். செய்யலாமே. மொத்தம் கூட்டுவதும் கட்டணம் மாறுவதும் இருக்கட்டும், அது புது போனுக்கு. அடியில் சாதாரணமாக ஒரு படிவம் இருக்கட்டும், ஸ்கிரிப்ட் விழுந்தாலும் அது நிற்கும். யாஹூ 2006-ல் சொன்ன சி தரம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டான்.

இந்த வருட விழாவுக்குப் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு நோட்டோடு வகுப்பு வகுப்பாகப் போய் யார் யாரிடம் என்ன போன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். (வருமான வரிக்காரன் வந்துட்டான் என்கிறார்கள்.) வகுப்புத் தோழர்களே, இன்னும் சொல்லாதவர்கள் பின்னூட்டத்தில் போன் பெயரை மட்டும் போடுங்கள். அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு. சோதித்துப் பார்க்க அந்த ஐபோன் 6-ஐ ஒரு வாரம் கடன் கேட்டோம். பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காது என்று சொல்லி, சார்ஜரையும் சேர்த்தே கொடுத்தாள்.